கருணை மதிப்பெண்

போன வாரம் இனாஸை மைக்ரோபஸ்ஸின் கடைசி இருக்கையில் உட்காரவைத்துவிட்டு வந்துவிட்டோம். பாவம், இன்னும் அங்கேயேதான் இருக்கிறாள். கடலிலிருந்து நவ்வா என்கிற குளிர்காலப் புயல் அடித்துக்கொண்டிருக்கிறது, தெருவெல்லாம் தண்ணீர், ஓட்டுநர் மழையைத் தவிர மற்ற எல்லோரையும் திட்டிக்கொண்டிருக்கிறார். அவளை முதலில் பாகோஸ் சந்தையில் இறக்கிவிடுவோம்.

இறங்கினாள். பைக்குள் நாலாக மடித்த மாதிரித் தேர்வுத் தாள் இருந்தது. ஃபெயில். அதுவும் கொஞ்சநஞ்சம் ஃபெயில் இல்லை.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. இனாஸ் மருந்தாளர் படிப்புப் படித்தவள். கல்யாணம், பிரசவம், வீடு என்று போனதில் பத்து வருஷமாக ஒரு மருந்துக்கடைக்குள் வாடிக்கையாளராகத்தான் நுழைந்திருக்கிறாள். கணவன் மித்ஹத் குவைத்தில் கணக்காளர். அவன் ஒருத்தன் சம்பளத்தில் அங்கே குடித்தனம் நடத்த முடியாது. இவள் அந்த ஊர் உரிமத் தேர்வில் பாஸானால் அங்கே வேலை கிடைக்கும், மகள் லமீஸைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம். அதுவரை அந்தக் குழந்தைக்கு அப்பா என்றால் செல்பேசித் திரையில் ஒரு முகம்தான். தேர்வு அடுத்த வியாழக்கிழமை.

அவள் படிப்பதும் செல்பேசியில்தான். அதில் அட்டைகள் வரும். முன்பக்கம் கேள்வி, தட்டினால் பின்பக்கம் பதில். பதிலைப் பார்த்தபிறகு நமக்கு நாமே மார்க் போட்டுக்கொள்ள வேண்டும். மறுபடி, கடினம், சரி, சுலபம் என்று நாலு பொத்தான்கள். ‘மறுபடி’யை அழுத்தினால் அந்த அட்டை கொஞ்ச நேரத்திலேயே திரும்ப வந்து நிற்கும். ‘சரி’ என்றால் சில நாள் கழித்து வரும், அடுத்த ‘சரி’க்குச் சில வாரம், அதற்கடுத்து மாதக்கணக்கில் தலைகாட்டாது. தெரியாததை அடிக்கடி கேட்டு, தெரிந்ததைத் தொந்தரவு செய்யாமல் விடுகிற ஏற்பாடு. செயலிக்கு நம் மூளைக்குள் எட்டிப் பார்க்கத் தெரியாது. நாம் என்ன மார்க் போடுகிறோமோ அதை அப்படியே நம்பிவிடும்.

இனாஸின் கைகள் எந்நேரமும் மாவிலோ சோப்பு நுரையிலோ இருக்கும். ஆகவே செல்பேசியைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்டு மார்க் போடும் உத்தியோகத்தை அவளுடைய மாமனார் ஏற்றுக்கொண்டிருந்தார். உஸ்தாத் ஷவ்கி, ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியர். முப்பது வருஷம் பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தியவர். இதைவிடப் பொருத்தமான ஆள் எங்கே கிடைப்பார்? ஒவ்வொரு நாளும் படித்து முடிக்கும்போது பாக்கி அட்டை பூஜ்யம். அவரும் அதை யாரோ பரிசு கொடுத்த மாதிரி தூக்கிக் காட்டுவார்.

பூஜ்யம் பாக்கி வைத்தவள் எப்படி இப்படி ஃபெயில் ஆவாள்? மழையில் நனைந்துகொண்டே இனாஸ் யோசித்தது அதைத்தான். தவறாக எழுதிய மருந்துகள் எல்லாம் அவள் அட்டையில் இருப்பவை. எல்லாம் தெரிந்ததாகச் சொல்லி மாதக்கணக்கில் தள்ளிப்போனவை.

வீட்டில் நாத்தனார் ஷாஹினாஸ் காத்துக்கொண்டிருந்தாள். மித்ஹத்துக்கு மூத்தவள், இரண்டு தெரு தள்ளி இருப்பவள். முட்டைக்கோஸ் இலையில் அரிசி வைத்துச் சுருட்டுகிற மஹ்ஷி செய்யும் நாளில் உதவி செய்கிறேன் என்று வந்து, இனாஸ் சுருட்டிய ஒவ்வொன்றும் தலையணை கனம் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவது அவள் வழக்கம். கோஸ் இலைகள் வெந்நீரிலிருந்து எடுத்து ஆறிக்கொண்டிருந்தன. உஸ்தாத் ஷவ்கி மதியத்து ளுஹர் தொழுகைக்குப் போயிருந்தார்.

முகத்தைப் பார்த்ததுமே ஷாஹினாஸ் விஷயத்தைப் பிடுங்கிவிட்டாள். தாளைப் பிரித்துப் பார்த்தாள். அவளுக்கு மருந்து தெரியாது, சிவப்பு மை தெரியும்.

“மார்க் போடறது யாரு, எங்கப்பாதானே?” என்றாள்.

“ஆமா அண்ணி.”

“நீ பாஸானா என்ன ஆகும்? நீயும் பொண்ணும் பிளேன் ஏறிடுவீங்க. இந்த வீட்ல யாரு இருப்பா? அவர் மட்டும். ஃபெயிலானா யாரும் எங்கயும் போக வேண்டாம். நான் ஒண்ணும் சொல்லல. கணக்கைப் போட்டுக் காட்டறேன், அவ்வளவுதான்.”

ஒண்ணும் சொல்லவில்லை என்று சொல்பவர்கள்தான் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார்கள். இனாஸ் அப்படியெல்லாம் இருக்காது என்றாள். மாமா அவளுக்காக எத்தனை நாள் மதியத் தூக்கத்தை விட்டிருக்கிறார் என்றாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் குரலுக்கே அவள் பேச்சில் நம்பிக்கை இல்லை. தலையில் ஓடிய கணக்கும் ஷாஹினாஸ் போட்ட கணக்கும் ஒன்றாகவே வந்தது. அந்த நினைப்பே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. ஆறு வருஷத்துக்கு முன் மாமியார் போனதிலிருந்து, தன் தகப்பனைவிட அதிகமாக அவள் சார்ந்திருந்த மனுஷர் அவர்.

உஸ்தாத் ஷவ்கி ரொட்டியும் ஊறுகாய்ப் பொட்டலமுமாக வந்தார். காலணியை உதறினார், மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். தேர்வு எப்படி என்று கேட்டார். பரவாயில்லை மாமா என்று இனாஸ் சொன்னாள். இன்ஷா அல்லா நல்லபடியாகவே வரும் என்று சொல்லிவிட்டு, நாற்காலியை அடுப்படிப் பக்கம் இழுத்துப் போட்டு, செல்பேசியை எடுத்துக்கொண்டார்.

இனாஸ் சுருட்ட ஆரம்பித்தாள். எதிரில் ஷாஹினாஸும் சுருட்டினாள், வாயை மூடிக்கொண்டு. அவள் வாயை மூடிக்கொண்டிருப்பது சகஜமான காரியம் இல்லை என்பது உஸ்தாத் ஷவ்கிக்குத் தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை.

நாலைந்து அட்டை ஒழுங்காகப் போயின. ஐந்தாவதோ ஆறாவதோ, ஹெப்பாரின். ரத்தம் உறையாமலிருக்கப் போடுகிற ஊசி. அது அளவு மிஞ்சினால் முறிமருந்து எது?

புரோட்டமின். காலையில் இதைத் தப்பாக எழுதி, திருத்தியவர் சிவப்பு வட்டம் போட்டு, பஸ் முழுக்க அதையே நினைத்துக்கொண்டு வந்தவளுக்கு அது இனி ஜென்மத்துக்கும் மறக்காது. இனாஸ் கையிலிருந்த இலையை மடித்து வைத்தாள்.

“வைட்டமின் கே,” என்றாள், வேண்டுமென்றே.

சொல்லிவிட்டு அவர் கட்டைவிரலைப் பார்த்தாள். அவர் தட்டி, பின்பக்கத்தைப் படித்தார். மூக்கைத் தேய்த்துக்கொண்டார். கட்டைவிரல் ‘மறுபடி’க்கு மேல் ஒரு கணம் நின்றது. பிறகு சாவகாசமாக நகர்ந்துபோய் ‘சரி’யில் இறங்கியது.

“அடுத்தது,” என்றார்.

“மாமா, இப்ப என்ன போட்டீங்க?”

“சரின்னு போட்டேன்.”

“அது சரியா?”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “முழுசா சரின்னு சொல்ல முடியாது. ஆனா ரத்தம் சம்பந்தப்பட்டதுதான். பக்கத்துல வந்துட்டே.”

ஷாஹினாஸ் சுருட்டுவதை நிறுத்திவிட்டாள். இனாஸ் இத்தனை வருஷத்தில் மாமனாரிடம் குரல் உயர்த்தியதில்லை. இப்போதும் உயர்த்தவில்லை.

“நான் போகக்கூடாதுன்னு நினைக்கிறீங்களா?”

கேள்வி அவருக்குப் புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் அவர் மருமகளைப் பார்க்கவில்லை, மகளைப் பார்த்தார். “இது இவ மண்டையில முளைச்சது இல்ல. ஷாஹினாஸ், இது உன் வேலை.”

“நான் ஒண்ணும் சொல்லலப்பா,” என்றாள் ஷாஹினாஸ்.

அதற்குப் பிறகு அவர் பேசியது நிறைய. போன வருஷத்தை ஞாபகப்படுத்தினார். லமீஸுக்குக் காய்ச்சல் வந்து இரண்டு வாரம் இனாஸ் அட்டையைத் தொடாமல் இருந்தாள். திரும்பத் திறந்தபோது பாக்கி எழுநூறைத் தாண்டியிருந்தது. செல்பேசியை மாவு டப்பாவுக்குள் போட்டு மூடிவிட்டு, எனக்கு இதெல்லாம் வராது மாமா என்று சொல்லி, தேர்வுக்குக் கட்டிய பணத்தையும் விட்டுவிட்டாள். அன்றிலிருந்து ஒரு வாரம் இந்த வீட்டில் சிரிப்புச் சத்தமே இல்லை. லமீஸ்கூட விரல் நுனியில் நடந்தாள்.

“நாற்பத்தெட்டு வாங்கின பையனை நான் எத்தனை பேரைப் பார்த்திருக்கேன்,” என்றார். “ஃபெயில் போட்டா படிப்பையே விட்டுடுவான். ரெண்டு மார்க் கருணை போட்டா அடுத்த வருஷமும் வகுப்புல உக்காந்திருப்பான். அதுக்கு விதியே இருக்கு, நான் சொந்தமா கண்டுபிடிக்கல. நீ மறுபடியும் டப்பாவை மூடிடக் கூடாதுன்னுதான் போட்டேன். வல்லாஹி, வேற ஒண்ணும் என் மனசுல இல்ல.”

இனாஸுக்கு முதலில் வந்தது கோபம் இல்லை. அப்பாடா என்று இருந்தது. வெளியே காற்று அத்தனை சத்தம் போட்டுக்கொண்டிருக்க, உள்ளே ஒரு பெரிய பாரம் இறங்கியது. இந்த மனுஷர் தன்னைக் கட்டிப்போடப் பார்க்கவில்லை, இது போதும், தேர்வு எப்படிப் போனாலும் போகட்டும் என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. கோபம் அதற்குப் பிறகுதான் மெதுவாக வந்தது.

“மாமா, மெத்தோட்ரெக்சேட்னு ஒரு மாத்திரை. மூட்டுவாதக்காரங்களுக்குக் கொடுக்கறது. வாரத்துக்கு ஒரு தடவைதான் சாப்பிடணும். நான் தினம் ஒண்ணுன்னு மனசுல பதிஞ்சு, இன்னிக்குக் காலையில தைரியமா எழுதிட்டு வந்திருக்கேன். அந்த அட்டை எங்கன்னு பஸ்ல தேடினேன். மார்ச் மாசம் வரைக்கும் வராது.”

“தினம் சாப்பிட்டா என்ன ஆகும்?”

“ரத்தம் ஊறறதே நின்னுடும். வாயெல்லாம் புண்ணாகி, செத்துப்போவாங்க. கடையில நின்னு அதை எடுத்துக் கொடுக்கப்போறது நான்.”

வேதியியல் வாத்தியாருக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. செல்பேசியை மேஜைமேல் வைத்தார். “எண் சரியா சொன்னே, நாள் மட்டும்தான் தப்புன்னு விட்டேன்,” என்றார். “நான் திருத்தின தாளால யாரும் செத்ததில்ல இனாஸ். அந்தப் பழக்கத்துலயே இருந்துட்டேன்.”

அப்போதே இனாஸும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. அவளுக்குத் தெரியாமல் இது நடக்கவில்லை. பதில் பாதியில் இழுபடும்போது அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அவர் சரி, சரி என்றதும் மீதியைச் சொல்லாமலே தப்பித்துக்கொள்வாள். முறிமருந்து இரண்டையும் குழப்புகிறோம் என்று அவளுக்கு வாரக்கணக்கில் தெரியும். பாக்கி பூஜ்யம் என்பது பார்க்க நன்றாக இருந்தது. அதனால் கேட்கவில்லை.

இதை அவள் சொன்னபோது உஸ்தாத் ஷவ்கி சிரித்துவிட்டார். “எனக்குத் தெரியாதா? கடைசி பெஞ்சுப் பசங்க பார்க்கிற மாதிரியே பார்ப்பே.”

“அப்ப ரெண்டு பேரும் சேர்ந்து அந்த மெஷினை ஏமாத்திட்டு, பழியை மட்டும் என் தலையில போட்டீங்க,” என்றாள் ஷாஹினாஸ்.

அதற்கு யாராவது பதில் சொல்லியிருந்தால் சாயங்காலம்வரை அது ஓயாது.

தள்ளிப்போன அட்டைகளையெல்லாம் இன்றைக்கே வரவழைக்கச் செயலியில் வழி உண்டு. இனாஸ் கையைக் கழுவிவிட்டு வந்து அதைச் செய்தாள். எத்தனை பாக்கி என்று காட்டுகிற எண் திரையின் மேல்மூலையில் ஏற ஆரம்பித்தது. முழுதாக ஏறுவதற்குள் உஸ்தாத் ஷவ்கி முதலுதவிப் பெட்டியிலிருந்து ஒரு துண்டு பிளாஸ்டர் கிழித்து அந்த மூலையில் ஒட்டிவிட்டார். இது கருணை இல்லை, வெறும் பிளாஸ்டர் என்றார்.

பிறகு தொடங்கியது. என்ன ஒரு மாற்றம் என்கிறீர்கள்? அதே நாற்காலி, அதே கண்ணாடி, ஆள் மட்டும் வேறு. பதிலில் ஒரு வார்த்தை குறைந்தால் ‘மறுபடி’. யோசிக்க நேரமெடுத்தால் ‘கடினம்’. இனாஸ் முகத்தைப் பார்க்கவே கூடாது என்று நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். லித்தியம் சாப்பிடுகிறவர்களுக்கு எந்த வலி மாத்திரை ஆகாது என்ற அட்டையில் இனாஸ் காரணத்தைச் சொன்னாள், மருந்தின் பெயர் வரவில்லை.

“மறுபடி,” என்றார் சுவரைப் பார்த்து.

“மாமா, பாதி சரிதானே.”

“கடைக்குப் பாதி நோயாளியாவா வருவாங்க?”

ஷாஹினாஸ் அடுப்படியில் சத்தமாகச் சிரித்தாள். மஹ்ஷி முழுவதும் அவள் தலையில் விழுந்திருந்தது. தனி ஆளாகப் பெரிய பானை நிறைய சுருட்டினாள். சுருட்டிய வேகத்தில் அவளுடையதும் தலையணை கனத்துக்கு வந்துவிட்டது. இனாஸ் அதைப் பார்த்தாள், சொல்லவில்லை. லமீஸ் பள்ளியிலிருந்து வந்து, சாப்பிட்டு, இந்தக் கூத்தைக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு வீட்டுப்பாடத்தோடு உள்ளே போய்விட்டாள்.

எவ்வளவு மோசமாக இருக்கும் என்று இனாஸ் பயந்தாளோ அவ்வளவு மோசமாக இல்லை. அதுதான் அன்றைய ஆச்சரியம். கருணையில் தேறியவை என்று நினைத்த அட்டைகளில் பாதிக்கு மேல் அவளுக்கு நிஜமாகவே தெரிந்திருந்தது. வாய்விட்டுச் சொல்லச் சொல்ல, அடுத்த பதில் கேள்வி முடிவதற்குள் வந்தது. சில இடத்தில் அவர் தட்டிப் பார்ப்பதற்குள்ளேயே அடுத்தது என்றாள். தினமும் கேட்ட சத்தம் வீணாகப் போகவில்லை, எதுவோ உள்ளே தங்கியிருந்தது. தெரியாதவை தெரியாதவை என்று தனியாக ஒதுங்கி நின்றன. ஒதுங்கி நின்றபிறகு அவை பயமாக இல்லை.

அந்தித் தொழுகைக்கு மக்ரிப் பாங்கு கேட்கிற நேரத்துக்கு முதல் சுற்று முடிந்தது. உஸ்தாத் ஷவ்கி பிளாஸ்டரை உரித்தார். மறுபடி வர வேண்டியவை நாற்பத்துச் சொச்சம்.

“இது மட்டுமா?” என்றாள் இனாஸ்.

“இது மட்டும்தான். இந்தத் தடவை நான் பொய் சொல்லல.”

இனாஸ் உட்கார்ந்த இடத்திலேயே முகத்தைப் பொத்திக்கொண்டாள். அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை. ஒரு வாரம் இருக்கிறது, நாற்பது அட்டை. முடியும். பத்து வருஷத்தில் முதல் தடவையாக, யாரும் சொல்லாமல், அவளுக்கே அது தெரிந்தது.

ஷாஹினாஸ் தன் பங்கு மஹ்ஷியைத் தூக்குப் பாத்திரத்தில் எடுத்துக்கொண்டாள். மழை விட்ட இடைவெளியில் ஓடிவிட வேண்டும். வாசல்வரை போனவள் திரும்பி வந்து, இனாஸின் கன்னத்தில் அழுத்தமாக முத்தமிட்டாள். மதியம் சொன்னதை மனதில் வைத்துக்கொள்ளாதே, நீ போய்விட்டால் அப்பா என்ன செய்வார் என்று எனக்குத்தான் தூக்கம் வரவில்லை, அந்தப் பயத்தில் உளறினேன் என்றாள். சொல்லிவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் இறங்கிப் போனாள்.

தொழுதுவிட்டு வந்து உஸ்தாத் ஷவ்கி சாப்பிட உட்கார்ந்தார். இனாஸ் தட்டில் மஹ்ஷியை அடுக்கி, எலுமிச்சை நறுக்கி வைத்தாள். எதிரில் அமர்ந்தாள், சாப்பிடவில்லை. இதுவரை பாஸாவது என்பது எங்கோ தள்ளி இருந்த பேச்சு. தள்ளி இருந்த பேச்சுக்கு யாரும் அதற்கப்புறம் என்ன என்று கேட்பதில்லை. மித்ஹத் மட்டும் ஃபோனில் அப்பாவிடம் எப்போதாவது கேட்பான். கேட்ட கையோடு, அவர் வாய் திறப்பதற்குள், மழை எப்படி என்று விசாரிக்கப் போய்விடுவான்.

“மாமா, நாங்க போனப்புறம் நீங்க தனியா இருந்துடுவீங்களா?”

“எனக்கென்ன? பள்ளிவாசல் பக்கத்துல, கஃபே பக்கத்துல. ஷாஹினாஸ் ரெண்டு தெரு. ராஜா மாதிரி இருப்பேன்.” ஒரு மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த மஹ்ஷியை எடுத்தார்.

இனாஸ் அவர் மென்று முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு அதே கேள்வியை, அதே வார்த்தைகளில், இன்னொரு தடவை கேட்டாள்.

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எடுத்த கை பாதியில் நின்றது. ஜன்னலில் காற்று மோதிற்று.

“இல்ல,” என்றார். “என்னால முடியாது இனாஸ். உன் மாமியார் போன அந்த வருஷம் நீ உன் அம்மா வீட்டுக்கு ஒரு வாரம் போயிருந்தியே, அப்பவே முடியல. யார்கிட்டயும் சொல்லல.”

சொல்லி முடித்ததும் அவர் முதுகு லேசாகச் சாய்ந்தது, பெரிய மூட்டையை இறக்கிவைத்த ஆள் மாதிரி. இனாஸுக்கும் மூச்சு சீராக வந்தது. இதற்கு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியாது. தெரியாது என்பது மட்டும் தெரிந்தது, இன்று அதுவே பெரிய நிம்மதியாக இருந்தது. எட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவரும் விடவில்லை.

மேஜைமேல் செல்பேசி அதிர்ந்தது. குவைத்திலிருந்து மித்ஹத். தினமும் இதே நேரம்தான். இருவரும் திரையில் சிரிக்கிற அந்த முகத்தைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“இதை நீ சொல்றியா,” என்று கேட்டார் உஸ்தாத் ஷவ்கி, “இல்ல நான் சொல்லட்டுமா?”